கேலாங்கில் நின்ற பிரயாணம்



தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கிற நமக்குத் தண்ணீரின் ஆபத்து நன்றாகத் தெரியும். நம்முடைய வீடுகள் கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, மார்பளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தவர்கள் உங்களில் அநேகர் உண்டு. அதனால் நமக்குள் ஒரு பெருமையும் வளர்ந்திருக்கிறது. பம்பாயில் பிழைத்தவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தப் பெருமையையும் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் நான்கு வாலிபரோடு நான் இமயமலைக்குப் புறப்பட்டேன். தண்ணீருக்கு அஞ்சாத நாங்கள் காற்றினால் தடுமாறின கதையை உங்களுக்குச் சொல்லவேண்டும். அதில் என்னுடைய குற்றம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துச் சொன்னால் இந்தக் கட்டுரையினால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

தாராவியில் தைத்த பைகள்

லடாக்கின் லே நகரத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில், திபெத்திய மொழியில் வேதாகமம் உருவான வரலாற்றை வாசித்திருந்தேன். யோசேப் கெர்கன் என்ற லடாக்கியர் பல ஆண்டுகள் உழைத்து முடித்த மொழிபெயர்ப்பு, அவர் மரித்தபின் 1948ல் அச்சாகி வெளிவந்தது. 1885ல் தொடங்கிய மொராவிய மிஷனின் ஆலயம் லேயில் இன்னும் இருக்கிறது. அதை ஒருமுறை கண்ணால் கண்டு வரவேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்ட வாலிபர்கள், "நாங்களும் வருகிறோம் ஐயா" என்றார்கள்.

அவர்களில் ஒருவன் தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். ஐந்து பேருக்கும் முதுகுப்பை அவனே தைத்துக் கொடுத்தான். மற்றொருவன் மாட்டுங்காவில் பூக்கடை வைத்திருக்கிறவன். மூன்றாமவன் செம்பூரில் கணக்கு எழுதுகிறவன். நான்காமவன் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கத்துப் பிள்ளை. கால்பந்து ஆடுகிறவன், ஐம்பது கிலோ அரிசி மூட்டையை ஒற்றையாய்த் தூக்கி மாடிப்படி ஏறுகிறவன். அவனுடைய தாயார் விதவை. விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, அதை விற்று அவனை வளர்த்தவர். நாங்கள் புறப்பட்ட அன்று சந்து முனை வரைக்கும் வந்து, "ஐயா, ஒத்தப் பிள்ளை. ஒங்க கையில விட்டிருக்கேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டு, "அவன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வருவான் அம்மா" என்றேன்.

இழந்த ஒரு நாள்

பாந்த்ரா டெர்மினஸிலிருந்து ரயிலில் சண்டிகர்; அங்கிருந்து மலைப்பாதையில் பேருந்தில் மணாலி. மணாலியில் ஒரு இரவு, லாஹௌல் பள்ளத்தாக்கின் கேலாங்கில் இரண்டு இரவு தங்கி, பிறகு லே என்பது எங்கள் திட்டம். ஆனால் மண்டிக்கு அருகே மலை சரிந்து சாலையில் விழுந்திருந்தது. இயந்திரங்கள் வந்து மண்ணை அள்ளும் வரைக்கும் பேருந்திலேயே பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் கெட்டுப்போயிற்று. முதுகுப்பை ஒன்றின் தோள்வார் பிய்ந்து, தைத்தவன் எல்லாருடைய பரிகாசத்திற்கும் ஆளானான்.

மணாலியை அடைந்தபோது ஒரு நாள் கையைவிட்டுப் போயிருந்தது. திரும்பும் ரயிலுக்கோ பயணச்சீட்டு எடுத்தாயிற்று. கேலாங்கில் தங்குவதை விட்டுவிட்டால் நாளும் மிஞ்சும், விடுதிச் செலவில் சுமார் 2,500 ரூபாயும் மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தேன். வாடகை வண்டியின் ஓட்டுநர் லாஹௌல்காரர், என் வயதை ஒத்தவர். "பாபுஜி, கேலாங்கில் நிற்காமல் சர்ச்சுவில் போய்ப் படுப்பது நல்லதல்ல" என்று அவர் புறப்படும்போதே சொன்னார். வண்டிச் சத்தம் கூடுவதற்காகச் சொல்கிறார் என்று எண்ணி, அவர் வார்த்தையை நான் தள்ளினேன்.

பொட்டலம் சொன்ன செய்தி

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ளது. முன்பு 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயை ஏறி இறங்கவேண்டியிருந்த வழி இப்போது சில நிமிடங்களில் முடிகிறது. அது லாஹௌல் மக்களுக்கு மகா ஆசீர்வாதம். பனிக்காலத்தில் நோயாளிகளை வெளியே கொண்டுவர வழி பிறந்தது. ஆனால் எங்களைப் போன்ற அவசரக்காரருக்கு அதுவே கண்ணியும் ஆயிற்று. உயரத்தை உடம்பு உணருமுன்னே வண்டி மேலே போய்விடுகிறது.

சந்திரா நதியும் பாகா நதியும் கூடுகிற தாண்டி என்ற இடத்தில் டீசல் நிரப்பினோம். அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று அறிவித்த அவ்விடத்துப் பலகை பிரயாணிகள் எல்லாரும் படம் பிடிக்கிற ஒன்று. அங்கே பூக்கடைத் தம்பி பையைத் திறந்து, "ஐயா, மிக்சர் பொட்டலம் தலையணை மாதிரி உப்பியிருக்கு" என்று காட்டினான். எல்லாரும் சிரித்தோம். பொட்டலத்திற்குள் இருந்தது மும்பையின் காற்று. வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய அது உப்பியது. எங்கள் நெஞ்சுக்குள் போகிற காற்று மெலிந்துகொண்டே வருகிறது என்பதே அதன் செய்தி. நாங்கள் அதைப் பிரித்துத் தின்றோம்.

காற்றில் பிராணவாயுவின் பங்கு தாராவியிலும் இமயத்திலும் ஒன்றுதான்; நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு. குறைவது காற்றின் அழுத்தம். லேயில், அதாவது சுமார் 3,500 மீட்டரில், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தச் சாலையின் மிக உயர்ந்த கணவாயான தங்லங்லாவில், 5,300 மீட்டருக்கு மேல், பாதியைவிடச் சற்றே அதிகம். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும்; ஆனால் பழகுவதற்கு நாட்கள் வேண்டும்.

ஓடையில் ஒரு மாலை

கேலாங்கைக் கடந்தபோது நடுப்பகல். ஜிஸ்பாவைத் தாண்டியதும் கைப்பேசிகள் மௌனமாயின. இனி வண்டியிலுள்ளவர்களே ஒருவருக்கொருவர் துணை.

காலையில் தாமதமாய்ப் புறப்பட்டதின் தண்டனை ஜிங்ஜிங்பாருக்கு அருகே காத்திருந்தது. அந்த மலைகளில் பகல் முழுவதும் வெயிலில் பனி உருகி, பிற்பகலில் ஓடைகள் பெருகிச் சாலையின்மேல் பாயும். விடியற்காலத்தில் முழங்காலுக்குக் கீழே இருக்கிற நீர், மாலை நான்கு மணிக்கு வண்டியைத் தள்ளும் வேகத்தோடு வரும். எங்கள் வண்டி நடுவிலே கற்களில் சிக்கிக்கொண்டது. அரிசி மூட்டை தூக்குகிற தம்பிதான் முதலாவது இறங்கினான். பனிநீரில் இடுப்பு மட்டும் நனைந்து, மூச்சு வாங்க வாங்க வண்டியைத் தள்ளி வெளியே ஏற்றினான். நாங்கள் கைதட்டினோம். அந்த உயரத்தில் அப்படிப் பாரம் தள்ளுவது உடம்புக்கு எவ்வளவு கேடு என்பதை ஓட்டுநர் மட்டும் அறிந்திருந்தார்.

பாகா நதி பிறக்கிற சூரஜ்தால் ஏரியைக் கடந்து, 4,800 மீட்டருக்கும் மேலான பாராலாச்சா கணவாயை அடைந்தபோது, அந்தத் தம்பி தலை வலிக்கிறது என்றான். "பிரயாணக் களைப்பு, தைலம் தேய்த்துக்கொள்" என்றேன். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தான். "மலை வளைவுகளில் எல்லாருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள்" என்றேன். இரண்டு முறை அவன் உடம்பு எச்சரித்தது. இரண்டு முறையும் அதன் வாயை நான் அடைத்தேன்.

சர்ச்சுவில் நடு இரவு

இருட்டினபின் சர்ச்சுவின் கூடாரங்களை அடைந்தோம். அதன் உயரம் சுமார் 4,290 மீட்டர். காலையில் இருந்த இடத்திலிருந்து ஒரே பகலில் 2,240 மீட்டர் ஏறியிருந்தோம். 3,000 மீட்டருக்கு மேலே போகிறவர்கள், படுத்து உறங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. அதன்படி, 3,000 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றத்திற்கு மட்டுமே எங்களுக்கு மூன்று இரவுகள் தேவைப்பட்டன. நாங்களோ ஒன்றும் கொடுக்கவில்லை.

கம்பளிகள் ஓடையில் நனைந்திருந்தன. ஒருவனுக்கும் உறக்கமில்லை. இரவு ஒரு மணிக்கு அந்தத் தம்பி எழுந்து வெளியே போனான். போனவன் கூடாரக் கயிற்றில் இடறி விழுந்தான். தூக்கி நிறுத்தினோம். குடித்தவனைப் போலத் தள்ளாடினான். அவன் குடிப்பவன் அல்ல. "அம்மா இட்லிக்கு மாவு கரைச்சிட்டாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

சத்தம் கேட்டு ஓட்டுநர் வந்தார். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியோடு சேர்த்து வைத்து நேராக நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே சாய்ந்துவிட்டான். ஓட்டுநரின் முகம் மாறியது. "மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது. உடனே இறங்கவேண்டும்" என்றார்.

வாசகரே, அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கப்படுகிறேன். "விடியட்டும். அதுவரைக்கும் நாங்கள் முழங்காலில் நின்று ஜெபிக்கிறோம்" என்றேன். அந்த மனிதர் கோபப்படவில்லை. "வண்டி ஓடும்போது பிரார்த்தனை செய்யுங்கள் பாபுஜி. முதலில் ஏறுங்கள்" என்றார். முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் பண்ணுகிற என்னிடம் அவ்வளவு சுருக்கமாக யாரும் பேசியதில்லை. நான் ஏறினேன்.

சர்ச்சுவின் கஷ்டம் என்னவென்றால், அது இரண்டு பக்கமும் கணவாய்களால் அடைபட்ட இடம். லே பக்கம் போனால் நகீலாவும் அதைவிட உயரமான லாச்சுங்லாவும் குறுக்கே நிற்கும். வந்த வழியே திரும்பினாலும், இறங்குவதற்கு முன் பாராலாச்சாவை மறுபடியும் ஏறவேண்டும். கீழே போக விரும்புகிறவன் முதலாவது மேலே போகவேண்டும். ஆகையால் ஓட்டுநர் நேராக ராணுவ முகாமின் வாசலுக்கு வண்டியை விட்டார். விரலில் மாட்டிப் பார்த்த கருவி 62 என்று காட்டியது. நம் ஊரில் 95க்குக் குறையலாகாது. மருத்துவப் பணியாளர் ஒருவர் பிராணவாயு கொடுத்து, ஊசி போட்டு, "இது நேரம் வாங்குவதற்கு மட்டும். மருந்து இறங்குவதுதான். போங்கள்" என்றார்.

வண்டியிலிருந்த சிறிய சிலிண்டரை அவன் மூக்கில் வைத்துக்கொண்டே பாராலாச்சாவைக் கடந்தோம். அவனைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுக்கும்படி ஓட்டுநர் சொல்ல, மூன்று வாலிபரும் மாறி மாறி அவனுடைய கால்பந்து அணியின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். மாலையில் எங்களைப் பிடித்துவைத்த ஓடை, இரவுக் குளிரில் பனி உருகாததினால் வடிந்து கிடந்தது. சக்கரம் பாதிகூட நனையவில்லை. தார்ச்சாவுக்கு, சுமார் 3,360 மீட்டருக்கு, இறங்கியபோது வெளிச்சம் வந்திருந்தது. அந்தத் தம்பி கண்ணைத் திறந்து, "ஐயா, டீ கிடைக்குமா?" என்றான். என் வாழ்நாளில் கேட்ட இனிய கேள்வி அதுவே.

கடந்துபோன ஊரில் நான்கு நாள்

கேலாங் மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவன் மறுபடியும் உயரத்திற்குப் போகலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மற்ற மூவரும், "அவன் இல்லாமல் லே வேண்டாம்" என்றார்கள். ஆகவே நான் மிச்சம் பிடிக்க நினைத்த இரண்டு இரவுகளுக்குப் பதிலாக நான்கு இரவுகள் கேலாங்கில் தங்கினோம்.

விடுதியில் சோறு பொங்கத் தலைப்பட்டோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஒரு மணி நேரமாகியும் அரிசி வேகவில்லை. அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் அது சூடாவதில்லை. பாரம் என்று குக்கரைத் தாராவியிலேயே விட்டுவந்திருந்தோம். வீட்டுக்கார அம்மாள் எங்கள் கஞ்சியை எட்டிப்பார்த்துச் சிரித்துவிட்டுத் தம்முடைய குக்கரைக் கொடுத்தார்கள்.

அங்கே இருந்தபோதுதான், படித்து மறந்த ஒன்று எனக்கு நினைவு வந்தது. நான் லேயில் பார்க்கப் புறப்பட்ட அந்த ஊழியம் உண்மையில் தொடங்கியது கேலாங்கில்தான். ஹைடே, பாகெல் என்ற இரண்டு மொராவியர்கள் மங்கோலியாவுக்குப் போக ஆயத்தப்பட்டு வந்தவர்கள். அதற்கு வழி அடைபட்டுப்போனதினால், 1856ல் கேலாங்கில் வீடு கட்டித் தங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த யேஷ்கே என்பவர் திபெத்திய மொழியைக் கற்று, புகழ்பெற்ற அகராதி ஒன்றைத் தொகுத்தார். அது 1881ல் வெளிவந்தது. ஹைடேயும் அவர் மனைவியும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார்கள். லாஹௌல் பெண்களுக்கு அந்த அம்மையார் கற்றுக்கொடுத்த கம்பளிப் பின்னல் இன்றும் நிற்கிறது. லாஹௌலின் பின்னல் காலுறைக்கும் கையுறைக்கும் இப்போது புவிசார் குறியீடு உண்டு. போக நினைத்த ஊருக்குப் போய்ச் சேராதவர்கள் அவர்கள். நின்ற இடத்தில் வேலை செய்தார்கள். அந்த ஊரை நான் ஜன்னல் வழியாய்ப் பார்த்துவிட்டு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோயிருந்தேன்.

இது நம் நாட்டு மலைகளில் மட்டும் நேரிடுகிற காரியம் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளைக் கடந்த ஹோசே தெ அகோஸ்டா என்ற ஸ்பானிய இயேசு சபைக் குரு, தமக்கு நேர்ந்த கொடிய வாந்தியையும் மயக்கத்தையும் 1590ல் எழுதிவைத்தார். மனிதர் சுவாசிப்பதற்கு ஏலாத மெல்லிய காற்றே காரணம் என்று அப்போதே கருதினார். பொலிவியாவின் லாபாஸ் நகரத்து விமான நிலையம் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. முதுகுப்பையோடு அங்கே இறங்குகிற வாலிபர் பலர் முதல் இரவைத் தலைவலியோடுதான் கழிக்கிறார்கள். இந்திய ராணுவ மருத்துவர்கள் 1,925 போர்வீரரைப் பரிசோதித்து 1969ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்த நோயைப்பற்றி உலகமே படித்த ஒன்று. அவர்கள் கிழவரோ நோயாளிகளோ அல்ல. பயிற்சி பெற்ற வீரர். உடல் பலம் இதற்குக் கேடகம் அல்ல. சொல்லப்போனால், பலசாலிதான் தலைவலியை வெளியே சொல்ல வெட்கப்படுகிறான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

நம் பிள்ளைகள் இப்போது கூட்டமாய் லடாக்குக்குப் போகிறார்கள். போகட்டும், அதைப்போல் ஒரு தேசம் வேறில்லை. ஆனால் இவைகளை நினைவில் வையுங்கள்.

மணாலி வழியாய்ப் போனால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள். பிறகு சர்ச்சுவில் படுக்காமல், விடியுமுன் புறப்பட்டு அன்றே லே சேருங்கள். டில்லியிலிருந்து லே செல்லும் இமாசல அரசுப் பேருந்து முன்பு கேலாங்கில் இரவு நின்றே போனது. ஏழை பிரயாணிக்கு அது மலிவும் ஞானமுமான வழியாக இருந்தது. ஸ்ரீநகர், கார்கில் வழி இதைவிட மெதுவாய் ஏறும். விமானத்தில் நேராக லேயில் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் ஓய்வெடுக்கவேண்டும்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் உண்டு. மருத்துவரைக் கேளாமல் விழுங்காதீர்கள். இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பவதிகளும் கேட்ட பின்பே புறப்படவேண்டும்.

தலைவலி வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். தள்ளாட்டம், பேச்சுக் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திருக்கவேண்டாம், இறங்குங்கள். உள்ளூர் ஓட்டுநர் நில் என்றால் நில்லுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம்மை நம்பிப் போகாதீர்கள். திட்டத்தில் ஒரு நாளை உபரியாய் வையுங்கள்; அந்த நாள் இல்லாததினால்தான் நான் ஒரு பிள்ளையைப் பணயம் வைத்தேன்.

மும்பை திரும்பியதும், ஒன்றையும் குறைக்காமல் அந்தத் தாயாரிடம் சொன்னேன். "உங்கள் பிள்ளை இரண்டு தரம் சொன்னான் அம்மா. நான் கேட்கவில்லை" என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஊறப்போட்ட அரிசியைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அந்த டிரைவர் வீட்டுல எத்தனை பேரு?" என்று மாத்திரம் கேட்டார்.

அந்த வாரம் தபாலில் லாஹௌலுக்கு ஒரு பெட்டி போயிற்று. உள்ளே காற்றுப் புகாமல் ஒட்டிய பைகளில் கைமுறுக்கு. பத்து நாள் கழித்து ஓட்டுநர் என்னை அழைத்தார். பொட்டலங்களெல்லாம் தலையணை போல் உப்பி வந்து சேர்ந்தனவாம். முறுக்கு மட்டும் ஒன்றுகூட உடையவில்லையாம்.